கோச்சை மாற்றினால் கெடா எழுந்துவிடுமா?

அணி தோற்றதும் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘பயிற்றுநரை எப்போது மாற்றுவீர்கள்?’ என்பதுதான். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. அது உரக்கக் கேட்கப்படாததற்குக் கெடாவின் பச்சை மஞ்சள் ரசிகர்கள் கொடுத்த விலை பெரிது.

சனிக்கிழமை இரவு பத்து மணி. திகாம் பத்துவின் சாலையோர மாமாக் கடையில் நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நம் ஊருக்கு வருவது இரவு பத்து அல்லது பதினொரு மணிக்குத்தான். சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளில் பகல் வேலை முடித்தவர்கள் சீருடைகூட மாற்றாமல் வந்து உட்காருவார்கள். தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பையன்கள் பின்வரிசையில் நின்றபடியே பார்ப்பார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ஒரு கோல் வாங்கினால் போதும், தே தாரிக் ஆறுவதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிடும். ‘இந்தக் கோச்ச மொதல்ல தூக்கணும்’ என்று ஒரு மேசையில் குரல் எழும். ‘தூக்கி என்னா செய்றது தம்பி, எத்தன பேரத் தூக்கிட்டாங்க’ என்று அடுத்த மேசையிலிருந்து ஒரு மாமா பதில் சொல்வார்.

கூட்டத்தில் பச்சை மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் இருந்துவிட்டால் பேச்சு அலோர் ஸ்டாருக்குத் திரும்பும். அப்போது குரலின் சூடு மாறும். மான்செஸ்டர் மேல் வருவது ஆட்டம் முடிந்ததும் ஆறிவிடும் கோபம். கெடா மேல் வருவது சொந்த வீட்டுப் பிள்ளை மேல் வரும் கோபம். மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பினாங்கு, இந்தப் பக்கம் கெடா. ஆற்றங்கரையில் வாழ்கிறவனுக்கு அணி என்பது முகவரியின் ஒரு பகுதி.

அந்த முகவரி இப்போது அழிந்து கிடக்கிறது. மலேசிய சூப்பர் லீக்கின் 2025-26 பருவத்தில் கெடா டாருல் அமான் எஃப்.சி. இல்லை. ஆட்டத்தில் தோற்றுக் கீழே இறங்கியிருந்தால் அடுத்த ஆண்டு ஏறி வரலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். கெடா வெளியேறியது லீக்கில் ஆடும் உரிமம் கிடைக்காமல். எந்தக் கோச் எந்த ஆட்டத்தை எப்படி ஆடியிருந்தாலும் அந்த முடிவை மாற்றியிருக்க முடியாது.

பல ஆண்டுகளாக நாம் கோச் யார் என்று சண்டை போட்டோம். சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள் என்று அதே குரலில் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இரண்டு கட்சி, இரண்டிலும் நியாயம்

‘மாற்று’ என்கிற கட்சிக்குக் காரணங்கள் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் ஆட்டக்காரர்கள் கோச்சின் பேச்சைக் கேட்பதில்லை. ஒரே தவறு ஐந்து ஆட்டங்களில் திரும்பத் திரும்ப நடந்தால் அது தற்செயல் அல்ல. பதினோரு பேரை ஒரே நாளில் மாற்ற முடியாது, ஒருவரை மாற்ற முடியும். இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2016இல் உலகமே வியக்க லீக் பட்டத்தை வென்றது. அடுத்த பருவத்தில் அணி இறங்குமுகம் கண்டபோது, பட்டத்தை வென்று தந்த கிளாடியோ ரனியேரியை 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். நன்றிகெட்ட செயல் என்று ஊரே பேசியது. ஆனால் அணி கீழே விழாமல் தப்பியது.

‘விட்டுப் பார்ப்போம்’ என்கிற கட்சிக்கும் காரணங்கள் உண்டு. அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். முதல் கிண்ணம் 1990 மே மாதம்தான் கிடைத்தது. இடையில் 1989இல் அவரைப் போகச் சொல்லி அரங்கில் பதாகையே தூக்கினார்கள். அன்று நிர்வாகம் அசைந்திருந்தால், 2013இல் அவர் ஓய்வு பெறும்வரை வந்த 13 லீக் பட்டங்கள் என்னவாகியிருக்கும்? அவருக்குப் பின் டேவிட் மோய்ஸ், லூயி வான் கால், ஜோசே மொரின்யோ, சோல்ஷயர், டென் ஹாக், அமோரிம் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 2024-25 பருவத்தில் அந்தக் கழகம் 15ஆம் இடத்தில் முடித்தது.

இரண்டு கட்சியும் ஒரே இடத்தில் தவறுகிறது. கழகத்தின் வெற்றிக்கும் தோல்விக்கும் திடல் ஓரத்தில் நிற்கும் ஒரு மனிதரே முதல் காரணம் என்று இரண்டுமே நம்புகின்றன. கெடாவின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

பச்சை மஞ்சளின் ஏற்ற இறக்கம்

மலேசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் கெடா 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோலாலம்பூரிடம் தோற்றது. இன்றைய ரசிகர் மனநிலையில் பார்த்தால் அந்த அணியைக் கலைத்திருக்க வேண்டும். கலைக்கவில்லை. 1990இல் சிலாங்கூரை 3-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். 1992இல் பகாங்கிடம் மறுபடி இறுதித் தோல்வி. 1993இல் சிங்கப்பூரை 2-0 என்று வீழ்த்தி இரண்டாவது கிண்ணம், அதே ஆண்டில் லீக் பட்டமும். ஏழு ஆண்டுகளில் ஆறு இறுதி ஆட்டங்கள். அந்தக் காலத்து அணி மேலாளர் அகமது பஸ்ரி அக்கிலின் பெயரைச் சொன்னால் பழைய ரசிகர்கள் இன்றும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அடுத்த உச்சம் அஸ்ராய் கோர் அப்துல்லா காலம். 2006-07 பருவத்தில் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் கெடா அள்ளியது. 2007-08இல் மறுபடியும் மூன்றையும் அள்ளியது. மார்லன் அலெக்ஸ் ஜேம்ஸ் கோல்களாகக் குவித்த காலம் அது. பட்ருல் பக்தியார் என்ற உள்ளூர் இளைஞர் வளர்ந்து வந்த காலமும் அதுதான்.

உச்சியில் இருந்து நான்கே ஆண்டுகளில் அணி கீழே விழுந்தது. 2013, 2014, 2015 என்று மூன்று பருவங்கள் இரண்டாம் நிலையான பிரீமியர் லீக்கில் ஆடியது. அங்கிருந்து தூக்கி நிறுத்தியவர் டான் செங் ஹோ. அலோர் ஸ்டாரில் பிறந்து, கெடாவுக்கே ஆடி வளர்ந்தவர். 2015இல் பிரீமியர் லீக் பட்டம், 2016இல் ஷா ஆலாமில் சிலாங்கூரைப் பினால்டியில் 6-5 என்று வென்று மலேசியக் கிண்ணம், 2017இல் எஃப்.ஏ. கிண்ணம். பிறகு தேசிய அணிப் பொறுப்பு அவரை அழைத்துக்கொண்டது.

2018இல் ஸ்பெயின்காரர் ராமோன் மார்கோத்தே வந்தார், நிலைக்கவில்லை. 2019இல் சிங்கப்பூரின் அய்டில் ஷாரின் வந்தார். முதல் ஆண்டிலேயே எஃப்.ஏ. கிண்ணம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம். அவர் போன பிறகு 2023 பருவத்துக்கு நஃபூசி ஸைன் வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் திரெங்கானுவை லீக்கின் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்.

இந்தப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். பட்டியலின் கடைசி இருவரும் லீக்கில் இரண்டாம் இடம் வரை அணியை ஏற்றிக் காட்டியவர்கள். நாட்டில் கிடைக்கக்கூடிய நல்ல பயிற்றுநர்கள்தான் கெடாவுக்குக் கிடைத்தார்கள். அப்படியும் கழகம் உரிமம் இழந்தது. கோச்தான் காரணம் என்ற வாதம் இங்கேயே முறிந்துவிடுகிறது.

[பெட்டிச் செய்தி] கெடாவின் அலமாரி

• மலேசியக் கிண்ணம் – 5 முறை: 1990, 1993, 2007, 2008, 2016
• எஃப்.ஏ. கிண்ணம் – 5 முறை: 1996, 2007, 2008, 2017, 2019
• முதல் நிலை லீக் பட்டம் – 3 முறை: 1993, 2006-07, 2007-08
• சூப்பர் லீக்கில் இரண்டாம் இடம்: 2020, 2021
• சொந்தத் திடல்: அலோர் ஸ்டார் டாருல் அமான் அரங்கம், 30,000க்கும் மேற்பட்டோர் அமரலாம்
• கெடா டாருல் அமான் எஃப்.சி. என்ற பெயர்: 2021 பருவம் முதல்

ஜொகூர் காட்டும் பாடம்

ஜொகூர் டாருல் தக்ஸிம் 2014இல் தொடங்கி 2024-25 வரை பதினொரு லீக் பட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றிருக்கிறது. ஒரே கோச்சை வைத்துக்கொண்டு சாதித்த கதை அல்ல அது. போஜன் ஹோடாக், மாரியோ கோமெஸ், உலிசெஸ் மொராய்ஸ், லூசியானோ ஃபிகெரோவா, பெஞ்சமின் மோரா, ஹெக்டர் பிடோக்லியோ, எஸ்தேபான் சொலாரி என்று முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 2015இல் பருவத்தின் நடுவே பயிற்றுநர் மாறினார். அதே ஆண்டில்தான் ஆசிய காற்பந்துக் கூட்டமைப்பின் ஏஎஃப்சி கிண்ணத்தை அந்த அணி வென்றது.

கோச் அடிக்கடி மாறியும் அங்கே வெற்றி மாறவில்லை. காரணம், கோச்சுக்கு அடியில் இருக்கும் தளம் அசையவில்லை. சம்பளம் நாள் தவறாமல் வருகிறது. சொந்தப் பயிற்சி மையம் இருக்கிறது. 2020இல் திறந்த சுல்தான் இப்ராகிம் அரங்கம் இருக்கிறது. இளையோர் அணிகள் ஆண்டுதோறும் ஆட்டக்காரர்களைத் தருகின்றன. புதிதாக வருகிறவர் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஏறி உட்காருகிறார்.

அந்த வளம் எல்லா மாநிலத்துக்கும் வாய்க்காது என்பது உண்மை. அரச குடும்பத்தின் ஆதரவும் பெரும் பணமும் சேர்ந்த ஓர் ஏற்பாட்டை கெடா அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் தளம் முதலில், கோச் அடுத்து என்ற வரிசை பணக்காரக் கழகத்துக்கும் ஏழைக் கழகத்துக்கும் ஒன்றுதான்.

கிளந்தானைப் பாருங்கள். 2012இல் போஜன் ஹோடாக்கின் கீழ் மூன்று கிண்ணங்களையும் ஒரே ஆண்டில் வென்ற அணி அது. கோத்தா பாருவில் ரசிகர் வெள்ளம் அலைமோதிய காலம். கடன் ஏறியது, கோச்கள் வந்து வந்து போனார்கள், 2018 முடிவில் அணி சூப்பர் லீக்கில் இருந்து இறங்கியது. கெடாவும் கிளந்தானும் உச்சத்தைத் தொட்ட அணிகள். இரண்டையும் சாய்த்தது பணப் பிரச்சினை.

ஆய்வு என்ன சொல்கிறது?

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல், 1986 முதல் 2004 வரை தம் நாட்டு லீக்கில் நடந்த பயிற்றுநர் மாற்றங்களை எடுத்து ஆராய்ந்தார். நீக்கப்பட்ட பின் அணிகள் முன்னேறின, உண்மை. ஆனால் அதே அளவு மோசமாகச் சரிந்தும் கோச்சை நீக்காமல் விட்ட அணிகளும் ஏறத்தாழ அதே போல முன்னேறின. வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் சிலவும் இதே பக்கம்தான் சாய்கின்றன.

இதன் சூட்சுமம் எளிமையானது. கோச்சை யாரும் அணி நன்றாக ஆடும்போது நீக்குவதில்லை. காயம், நடுவர் தீர்ப்பு, கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து என்று கெட்ட நேரம் எல்லாம் ஒன்றுசேர்ந்து, அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் நீக்குகிறார்கள். அடிமட்டத்துக்குப் போன அணி தன் உண்மையான தரத்துக்குத் தானாகவே திரும்பும். புதியவர் அப்போது பக்கத்தில் நிற்பதால் பெயர் அவருக்குப் போகிறது.

இங்கிலாந்தில் சைமன் கூப்பரும் பொருளியலாளர் ஸ்டீபன் சிமான்ஸ்கியும் பல ஆண்டுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். நீண்ட காலத்தில் ஒரு கழகம் எந்த இடத்தில் முடிக்கும் என்பதை மிகப் பெரும்பாலும் அதன் சம்பளப் பட்டியலே சொல்லிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. அந்தக் கணக்கை மீறிச் சாதிக்கும் பயிற்றுநர்கள் மிகச் சிலர்.

அங்கே சம்பளம் கூடக் குறைய இருக்கும். நம் நாட்டில் பிரச்சினை அது வருமா வராதா என்பதாகவே இருந்திருக்கிறது.

மாற்றம் பலித்த வேளை

கோச்சை மாற்றுவது எப்போதும் வீண் என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டிலேயே, நம்மவர் இருவரைச் சுற்றி நடந்த மாற்றம் ஒன்று பலித்தது.

2009 ஜனவரியில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றது. தேசியப் பயிற்றுநர் பி. சத்தியநாதன் பதவி இழந்தார். அவருக்குப் பின் கே. ராஜகோபால் பொறுப்பேற்றார். அதே ஆண்டு டிசம்பரில் லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்துத் தங்கம் கிடைத்தது. 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணமும் முதன்முறையாக வந்தது. புக்கிட் ஜாலிலில் 3-0. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் வெற்றி.

இதை ‘மாற்று’ கட்சி தன் பக்கச் சான்றாகக் காட்டலாம். ஆனால் கதையில் இன்னும் இரண்டு பக்கங்கள் உண்டு. முதலாவது, 2007இலேயே ஹரிமாவ் மூடா என்ற இளையோர் திட்டம் தொடங்கிவிட்டது. ராஜகோபாலின் கைக்கு வந்தது ஒன்றாகத் தங்கி, ஒன்றாக ஆடி வளர்ந்த இளைஞர்களைக் கொண்ட அணி. அவர் திறமைக்கு ஏற்ற தளம் காத்திருந்தது. இரண்டாவது, நீக்கப்பட்ட சத்தியநாதன் 2010இல் கிளந்தானுக்கு அதன் வரலாற்றின் முதல் மலேசியக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். இரண்டு ஆண்டுக்குள் ஒருவர் கெட்டுப்போய் மறுபடி திறமைசாலி ஆகிவிடுவதில்லை. அவர் அதே ஆள்தான். சுற்றி இருந்தது வேறு.

2023இல் மறைந்த சத்தியநாதனுக்கு 2020இல் சிலாங்கூரும் பருவத்தின் நடுவே விடை கொடுத்தது. நம் நாட்டில் பயிற்றுநர் வேலை எவ்வளவு நிலையில்லாதது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

தேசிய அணியில் ராஜகோபாலுக்குப் பின் டோல்லா சாலே வந்தார். 2015 செப்டம்பரில் அபுதாபியில் 0-10. அவரும் விலகினார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஐந்து கோல் வாங்கியதற்காக ஒருவரை அனுப்பிய நாடு, அதே எதிரியிடம் பத்து கோல் வாங்கியது.

சம்பளம் வராத அணி

இப்போது கெடாவின் உண்மையான காயத்துக்கு வருவோம்.

மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் கையில் இருந்த அணிகளைத் தனிக் கழகங்களாகப் பிரிக்க வேண்டும் என்ற விதியின்படி, 2021 பருவத்தில் மலேசிய லீக் முழுவதும் புதிய பெயர்களோடு தொடங்கியது. அரசாங்கப் பணத்தை நம்பியிருக்கும் பழக்கத்தை உடைப்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் பல கழகங்களுக்குப் பெயர் மாறியது, பணம் வரும் வழி மாறவில்லை. டிக்கெட் வருமானம் சொற்பம், ஒளிபரப்புப் பங்கு போதாது, விளம்பரதாரர் நிரந்தரமில்லை. கோவிட் காலத்தில் அரங்கமும் காலி.

கெடாவில் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளப் பாக்கி என்ற செய்தி 2024இல் திரும்பத் திரும்ப வந்தது. பாக்கி இருக்கும் அணியில் என்ன நடக்கும்? வீட்டுக் கடனும் கார் தவணையும் கட்ட முடியாமல் தவிக்கிறவர் தொண்ணூறு நிமிடம் முழு மனத்தோடு ஓட முடியாது. தரமான வெளிநாட்டு ஆட்டக்காரர் முதலில் கிளம்பிவிடுவார். அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதிப்படி, இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் ஆட்டக்காரர் எழுத்து மூலம் அறிவித்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். மிஞ்சுவது போக இடமில்லாதவர்களும் ஊர்ப்பற்று விடாதவர்களும். அவர்களை வைத்துக்கொண்டு கோச் சனிக்கிழமை அணியை இறக்க வேண்டும். தோற்றால் பார்வையாளர் மேடையில் இருந்து திட்டு கோச்சுக்கு விழும்.

பால் வற்றிய மரத்தில் வெட்டுக்கத்தியை மாற்றிப் பயனில்லை என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

கெடா மட்டும் அல்ல. 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் உரிமம் மறுக்கப்பட்டது. 2025-26க்கு முன் பேராக்கும் ஸ்ரீ பகாங்கும் லீக்கை விட்டே விலகின. பேராக்கும் பகாங்கும் மலேசியக் கிண்ணத்தின் வரலாற்றை எழுதிய மாநிலங்கள்.

[பெட்டிச் செய்தி] கோச்சை நீக்க எவ்வளவு செலவாகும்?

• ஒப்பந்தக் காலம் முடியும் முன் தக்க காரணமின்றி நீக்கினால், எஞ்சிய காலத்துக்கான இழப்பீடு கேட்கப் பயிற்றுநருக்கு உரிமை உண்டு. வெளிநாட்டவர் ஃபிஃபா வரை போகலாம்.
• புதியவருக்குச் சம்பளம். அவர் கூட்டிவரும் துணைப் பயிற்றுநர்களுக்கும் சம்பளம்.
• புதியவரின் ஆட்ட முறைக்கு ஏற்ற புது ஆட்டக்காரர்கள். பழையவர்களின் ஒப்பந்தமும் பாதியில் நிற்கும்.
• தீர்ப்புத் தொகை கட்டப்படாவிட்டால் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யத் தடை வரலாம்.
• இந்தப் பாக்கிகள் எல்லாம் அடுத்த உரிம விண்ணப்பத்தின்போது மேசைக்கு வரும்.

பெட்டியில் சொன்னதை ரசிகர்கள் ஆழமாக யோசிக்க வேண்டும். ஏற்கெனவே கடனில் இருக்கும் கழகத்திடம் ‘கோச்சை மாற்று’ என்று நாம் கூவினால், இன்னொரு கடனை வாங்கு என்று சொல்கிறோம். நிர்வாகத்துக்கு அது சௌகரியமும்கூட. கணக்கு வழக்கைக் கேட்கும் கூட்டத்தைச் சமாளிப்பது கடினம். கோச்சின் தலையைக் கேட்கும் கூட்டத்தைச் சமாளிப்பது எளிது. தலையைக் கொடுத்தால் கூட்டம் கலைந்துவிடும், ஆறு மாதம் ஓடிவிடும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் ஃபெர்குசன் காலத்து மேலாளருக்கு ஆட்டக்காரர் வாங்குவது விற்பது முதல் இளையோர் பயிற்சி வரை அதிகாரம் இருந்தது. நம் நாட்டில் பயிற்றுநரின் அதிகாரம் பெரும்பாலும் பயிற்சித் திடலோடும் ஆட்டப் பட்டியலோடும் நின்றுவிடுகிறது. அதிகாரம் இல்லாதவரிடம் முழுப் பொறுப்பையும் சுமத்துவது நியாயம் ஆகாது.

தோட்டத்துத் திடல் வரை

ஒரு கழகம் விழுந்தால் யாருக்கு நட்டம்? ஆட்டக்காரருக்கும் பயிற்றுநருக்கும் மட்டும் அல்ல. டாருல் அமான் அரங்கத்துக்கு வெளியே ஆட்ட நாளில் சட்டையும் கழுத்துத் துண்டும் விற்றவருக்கு, தண்ணீரும் பொரித்த கோழியும் விற்றவருக்கு, சுங்கைப்பட்டாணியில் இருந்து ரசிகர்களை ஏற்றிச் சென்ற பேருந்துக்காரருக்கு, எல்லோருக்கும் நட்டம்தான்.

எல்லோரையும் விட அதிகம் இழப்பவன் பீடோங், பாடாங் செராய், லூனாஸ், திகாம் பத்து பக்கத்துப் பதினான்கு வயதுப் பையன். தோட்டப்புறத் தமிழருக்குக் காற்பந்து வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. காலை வெட்டு முடிந்து, பால் நிறுத்து, குளித்துவிட்டு மாலையில் லயத்துக்கு எதிரே உள்ள திடலில் இறங்கினால், அங்கே கங்காணியின் மகனும் வெட்டுக்காரரின் மகனும் சமம். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தத் திடல்கள் பலவும் போய்விட்டன. இன்று ஃபுட்சால் கூடத்தில் மணிக்கணக்குக்கு வெள்ளி கொடுத்து ஆடுகிறார்கள்.

அந்தப் பையனுக்குத் திறமை இருந்தால் ஏறிச் செல்ல ஒரு படிக்கட்டு வேண்டும். பள்ளி அணி, மாவட்டம், மாநில இளையோர் அணி, பிறகு மூத்த அணி. கெடா கழகம் அந்தப் படிக்கட்டின் உச்சிப் படி. உச்சிப் படி உடைந்தால் கீழே நிற்கிறவர்கள் ஏறவே தயங்குவார்கள். ‘மாதச் சம்பளமே வராத வேலைக்கா என் பிள்ளையை அனுப்பணும்?’ என்று ஓர் அம்மா கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி எழும் வீடுகளில் பல தலைமுறைகளாக வந்த விளையாட்டு ஒரே தலைமுறையில் நின்றுபோகும்.

நம் சமூகமே கட்டி எழுப்பிய கழகத்துக்கும் இதே விதி நேர்ந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணி அடித்தட்டிலிருந்து ஏறி வந்து, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கில் கால் பதித்தது. இந்திய இளைஞர்களுக்கு அது ஒரு வாசல். 2022 பருவத்தோடு அந்தக் கழகம் லீக்கில் இருந்து விலகிக்கொண்டது. வாசல் மூடியது.

ரசிகர் என்ன கேட்க வேண்டும்?

ரசிகரின் குரலுக்குப் பலம் உண்டு. ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது பொது விதி. முதலாளி தன் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் மாற்ற முடியாது. இங்கிலாந்தில் பழம்பெரும் கழகங்கள் கடனில் மூழ்கியதைக் கண்ட ரசிகர் அமைப்புகள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தன. அதன் பயனாக, கழகங்களின் நிதியைக் கண்காணிக்கும் தனி அமைப்பை உருவாக்கும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. அங்கே மேடையில் எழுந்த குரல் நாடாளுமன்றம் வரை போனது.

நம் குரலும் போகும். அதற்கு முதலில் கேள்வியை மாற்ற வேண்டும்.

[பெட்டிச் செய்தி] கழகத்திடம் கேட்க ஐந்து கேள்விகள்

1. ஆட்டக்காரர்கள், பயிற்றுநர்கள், ஊழியர்கள் எல்லோருக்கும் கடந்த மாதச் சம்பளம் வந்துவிட்டதா?
2. வருமான வரி, ஊழியர் சேமநிதி, சொக்சோ கட்டணங்களில் பாக்கி உண்டா?
3. இந்தப் பருவத்தின் செலவுக்கு உறுதியான வருமானம் எவ்வளவு, வெறும் வாக்குறுதி எவ்வளவு?
4. ஆண்டுக் கணக்கு வெளியிடப்படுகிறதா? ரசிகர் பிரதிநிதி யாராவது அதைப் பார்க்கிறாரா?
5. இளையோர் அணிக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது? தென் கெடாவின் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் திறமை தேடி யாராவது வருகிறார்களா?

இந்த ஐந்துக்கும் நேர்மையான பதில் கிடைத்த பிறகும் அணி தோற்றுக்கொண்டே இருந்தால், அப்போது கோச்சைப் பற்றிப் பேசலாம். அதற்கும் அளவுகோல் வேண்டும். பருவத் தொடக்கத்தில் என்ன இலக்கு கொடுத்தார்கள், கேட்ட ஆட்டக்காரர்கள் கிடைத்தார்களா, உள்ளூர் இளைஞர்கள் வளர்ந்தார்களா, ஆட்டத்தில் முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்த்து, பருவ முடிவில் முடிவெடுக்க வேண்டும். மூன்று தோல்விக்கு ஒரு தலை என்ற கணக்கு எந்தக் கழகத்தையும் வளர்த்ததில்லை.

கெடா மறுபடி எழும். மூன்று இறுதி ஆட்டங்களில் வரிசையாகத் தோற்ற பிறகும் கிண்ணம் தூக்கிய மாநிலம் இது. இரண்டாம் நிலையில் மூன்று பருவம் கிடந்த பிறகும் மலேசியக் கிண்ணத்தை வாங்கி வந்த மாநிலம். திரும்பி வரும் அணிக்கு யார் கோச்சாக வரப்போகிறார் என்று நாம் நிச்சயம் விவாதிப்போம். அது ரசிகனின் உரிமை, ஆட்டத்தின் சுவையும்கூட. ஆனால் அந்தக் கோச்சின் முதல் தோல்விக்கு முன்பே, அவர் அணியின் முதல் மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிட வேண்டும். இம்முறை அந்தக் கேள்வி பினாங்கு எல்லையில் இருந்து பெர்லிஸ் எல்லைவரை ஒரே குரலில், ஒவ்வொரு மாதமும் எழ வேண்டும். பதில் சொல்லியே தீர வேண்டிய நிலைக்கு நிர்வாகத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் இந்த அணிக்கு ரசிகர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.